மாடு என்றால் எந்த மாடு?

கேள்வி – 6.1.2025

"இன்று காலை நாளிதழில் 'பசுமாடு திருட்டு' என்று ஒரு செய்தி. பசு என்றாலே மாடுதான், பிறகு எதற்கு வாலில் இன்னொரு மாடு? 'எருமை மாடு' என்று எழுதுவது அதைவிட மோசம். எருமை வேறு விலங்கு, மாடு வேறு விலங்கு. 'காளை மாடு' என்றும் எழுதுகிறார்கள். பசுவுக்கு 'ஆ' என்ற அழகான தமிழ்ச்சொல் இருக்கிறது. அதையோ, வெறுமனே 'மாடு' என்றோ எழுதினால் போதாதா? மறுப்பவர் உண்டா?"

6.1.2025, இரவு

நான் மறுக்கிறேன். பசுமாடு நல்ல தமிழ். தென்னை என்றாலே மரம்தான், ஆனாலும் தென்னைமரம் என்கிறோம். சாரைப்பாம்பு என்கிறோம், மல்லிகைப்பூ என்கிறோம். சிறப்புப்பெயர் முன்னேயும் பொதுப்பெயர் பின்னேயும் நிற்கும் இந்தக் கட்டுக்கு இருபெயரொட்டுப் பண்புத்தொகை என்று இலக்கணமே பெயர் வைத்திருக்கிறது. காளைமாடும் எருமைமாடும் அதே வார்ப்பு.

திருட்டுச் செய்திக்கு அந்த முன்சொல் கட்டாயம் வேண்டும். 'மாடு திருட்டு' என்று மட்டும் போட்டிருந்தால் களவு போனது கறவையா, உழவு மாடா, கோயிலுக்கு நேர்ந்துவிட்ட காளையா என்று யாருக்குத் தெரியும்? கறவை போனால் அன்று மாலையே ஒரு வீட்டில் பால் பணம் நின்றுவிடும். செய்தியாளர் இரண்டே எழுத்தில் அதைச் சொல்லிவிட்டார். அவரைப் பாராட்ட வேண்டிய இடத்தில் திட்டுகிறீர்கள்.

7.1.2025, காலை

இரவு எழுதியது இலக்கணப் பதில். அதைவிட முக்கியமானது வழக்கு.

மாடு என்ற சொல்லில் ஆண் பெண் இல்லை, வயது இல்லை, வேலை இல்லை. எந்த இடத்தில் நின்று சொல்கிறோமோ அந்த இடம்தான் அதற்குப் பொருள் தருகிறது. பால் சங்கத்தில் வரிசையில் நிற்பவர் "மாடு இன்றைக்குச் சரியாகக் கறக்கவில்லை" என்றால் அது பசு. அலங்காநல்லூர் வாடிவாசலில் ஒலிபெருக்கி "மாடு வருகிறது" என்றால் அது காளை. சந்தேகம் ஒருவருக்கும் வருவதில்லை. மாடுபிடி வீரர் என்று நாளிதழ்களும் எழுதுகின்றன. சிவகங்கைப் பக்கம் வடமாடு என்றால் நீண்ட வடத்தில் கட்டிவிட்ட காளை. மாட்டு வண்டியில் பூட்டியிருப்பது காயடித்த எருது. நான்கு இடத்திலும் சொல் ஒன்றுதான்.

தமிழுக்கு இது புதிதும் இல்லை. பழைய தமிழில் இந்த வேலையைப் 'பெற்றம்' என்ற சொல் செய்தது. ஆணுக்கும் பெண்ணுக்கும் பொதுவான பெயர் எப்போது ஒன்றை மட்டும் குறிக்கும் என்று தொல்காப்பியச் சொல்லதிகாரம் பேசும் இடத்தில் உரையாசிரியர்கள் காட்டும் எடுத்துக்காட்டே இதுதான். இவ்வூர்ப் பெற்றமெல்லாம் உழவொழிந்தன என்றால் பசுக்கள் விலகிக்கொள்கின்றன. பெற்றமெல்லாம் கறக்கும் என்றால் எருதுகள் விலகிக்கொள்கின்றன. பெயர் சொல்லாததை வினை சொல்லிவிடுகிறது. இதற்குப் பெண்ணொழி மிகுசொல், ஆணொழி மிகுசொல் என்று பெயரும் இட்டார்கள். இன்றைய பால் சங்கப் பேச்சை அத்தனை நூற்றாண்டுக்கு முன்பே ஒருவர் உட்கார்ந்து விளக்கி வைத்திருக்கிறார் என்று நினைக்கும்போது எனக்கு உடம்பு சிலிர்க்கிறது.

7.1.2025, மதியம்

ஒருவர் கேட்கிறார்: "அப்படியானால் மாடு ஒருமையா பன்மையா? 'நூறு மாடு' என்கிறோமே."

இரண்டும்தான். அஃறிணையில் பால்பகாப் பெயர் உண்டு. மாடு வந்தது, மாடு வந்தன, இரண்டும் சரி. 'நூறு மாடுகள்' என்று எழுதுவதில் தவறில்லை. ஆனால் சந்தையில் ஒருவரும் 'கள்' போடுவதில்லை.

8.1.2025

'ஆ' பற்றி.

அழகான சொல் என்பதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. ஓரெழுத்து ஒருமொழி என்று நன்னூல் எண்ணும் 42-இல் ஒன்று. புறநானூற்றில் நெட்டிமையார், போருக்கு முன் விலகிப்போகச் சொல்லி அறிவிக்கும் பட்டியலை "ஆவும்" என்றுதான் தொடங்குகிறார். மனிதர்கள் அதற்குப் பிறகே வருகிறார்கள். "ஆவிற்கு நீரென்று இரப்பினும்" என்கிறது குறள். தாகத்தால் தவிக்கும் பசுவுக்காகத் தண்ணீர் கேட்பதைக்கூட இரத்தலில் சேர்த்து, அதைவிட நாக்குக்கு இழிவு இல்லை என்கிறார் வள்ளுவர். அவ்வளவு கடுமையாகச் சொல்ல, எவரும் மறுக்க முடியாத ஒரு நல்ல காரணம் அவருக்குத் தேவைப்பட்டது. அதற்குப் பசுவைத் தேர்ந்தெடுத்தார்.

ஆனால் 'ஆ மேய்கிறது' என்று இன்று எழுதிப் பாருங்கள். படிப்பவர் பாதிப்பேர் வியப்புக்குறி விட்டுப்போயிற்று என்று நினைப்பார்கள். தனியே நிற்கும் வலு அந்தச் சொல்லுக்கு எப்போதோ போய்விட்டது. ஒட்டிக்கொண்டு வாழ்கிறது: ஆயர், ஆய்ச்சி, ஆநிரை, திருவாவடுதுறை. பால் பாக்கெட்டில் தினமும் காலையில் கையில் எடுக்கிறோமே 'ஆவின்', அது 'ஆ'வோடு 'இன்' சேர்ந்தது. பசுவினுடைய என்று பொருள். பால் என்ற சொல் பின்னால் வரும் என்று காத்து நிற்கும் ஒரு வேற்றுமைச் சொல் பெயராகவே நிலைத்துவிட்டது. வைத்தவர் தமிழ் தெரிந்தவர்.

தெலுங்கில் ஆவு இன்னும் தெருவில் நடமாடுகிறது. கன்னடத்தில் ஆகளு இருக்கிறது. நம்மிடம்தான் அது புத்தகத்துக்குள் போய்விட்டது.

8.1.2025, இரவு

மேலே ஆநிரை என்று எழுதியதை ஒட்டி ஒரு சேர்க்கை. 2006-இல் தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் கண்டெடுத்த நடுகற்களில் ஒன்றில், தமிழி (தமிழ் பிராமி) எழுத்தில், 'கூடல் ஊர் ஆகோள்' என்ற சொற்கள் இருக்கின்றன. ஆகோள் என்றால் பசுக்கூட்டத்தைக் கவர்தல். ஆநிரை கவரும் போரைச் சொல்லும் வெட்சித்திணையில் தொல்காப்பியம் பயன்படுத்தும் அதே கலைச்சொல். புலவர்கள் ஏட்டில் மட்டும் வைத்திருந்த சொல் என்று இனி யாரும் சொல்ல முடியாது. செத்துப்போன ஒரு வீரனுக்காக ஊரார் நட்ட கல்லில் அது இருக்கிறது.

அதற்குப் பிந்திய செங்கம் பகுதி நடுகற்களுக்கு வந்தால் 'தொறு' என்ற சொல்லைப் பார்க்கலாம். தொறுக் கொண்டான், தொறு மீட்டுப் பட்டான் என்று வரும். தொறு என்றாலும் மாட்டுக் கூட்டம்தான். பழைய கன்னடத்தில் துறு என்பதும் இதுவே. மாட்டைக் கவரப் போனவனும், மீட்கப் போய் மாண்டவனும் கல்லாக நிற்கிறார்கள். அந்தக் கற்கள் நெடுக மாடு என்ற சொல்லைத் தேடாதீர்கள், தொறுவைத் தேடுங்கள்.

9.1.2025

"பசு வடசொல், அதைத் தூக்கிவிட்டு 'ஆ' என்று வைப்பதுதான் நேர்மை" என்று கேள்வி கேட்டவரே திரும்ப எழுதியிருக்கிறார்.

பசு வடக்கிலிருந்து வந்ததுதான். ஆனால் அங்கே அது விலங்கு என்ற அகன்ற பொருளுள்ள சொல். வேள்வித் தூணில் கட்டிய ஆடும் பசுதான். நம்மிடம் வந்த பிறகு பால் தரும் மாட்டை மட்டும் குறிக்கும்படி சுருங்கியது. சைவ சித்தாந்தத்தில் பதி, பசு, பாசம் என்று சொல்லும்போது மட்டும் கயிற்றில் கட்டுண்ட உயிர் என்ற பழைய விரிவு தங்கியிருக்கிறது. பொருளை நாமே செதுக்கி, நம் தொழுவத்தில் கட்டி, ஆண்டாள் காலத்திலிருந்து "வள்ளல் பெரும்பசுக்கள்" என்று பாடியும் வருகிறோம். அதை இனிமேல் அவிழ்த்துவிடச் சொல்வது எனக்கு ஒப்புதல் இல்லை.

10.1.2025

இப்போது சொந்த அனுபவத்துக்கு வருகிறேன். நான் காங்கேயத்துப் பக்கம். எங்கள் வீட்டுக் கட்டுத்தரையில் (தொழுவத்துக்கு எங்கள் ஊர்ச்சொல்) 'மாடு' என்ற சொல்லைக் கேட்பதே அபூர்வம். அப்பாரு (அப்பாவின் அப்பா) அந்தச் சொல்லை வெளியாருடன் பேசும்போதுதான் எடுப்பார். "எத்தனை மாடு வைத்திருக்கிறீர்கள்?" என்று அதிகாரி கேட்டால் "இத்தனை மாடு" என்பார். அதிகாரி போன பிறகு, அதே கட்டுத்தரையில் சாம்பல் நிற மயிலை இருக்கும், சிவந்த செவலை இருக்கும், கறுத்த காரி இருக்கும், இன்னும் கன்று போடாத கிடாரி இருக்கும், சினை இருக்கும், கறவை இருக்கும், பால் வற்றியது இருக்கும், முதல் கன்று போட்ட தலையீற்று இருக்கும். மாடு ஒன்றுகூட இருக்காது.

அம்மிச்சி (அம்மாவின் அம்மா) வீட்டிலும் இதே கதை. "மயிலைக்குத் தண்ணீர் காட்டினாயா?", "செவலைக் கிடாரி கத்துகிறது, என்னவென்று பார்." கிடாரி கத்துகிறது என்றால் பசி என்று நினைத்துக்கொண்டு வைக்கோல் போட்டு வருபவன் வேற்றூர்க்காரன். பருவத்துக்கு வந்து காளைக்குக் கத்துகிறதா என்று பார்த்து வருபவன் வீட்டுப்பிள்ளை.

நிறப்பெயர் காங்கேயத்தில் நிலையானதும் இல்லை. கன்று பிறக்கும்போது செந்நிறம். ஆறு மாதத்தை ஒட்டி மயிலையாக மாறும். காளையாக வளர்ந்தால் திமிலும் கழுத்தும் கறுத்துப் போகும். காயடித்துவிட்டால் அந்தக் கறுப்பு வெளுத்துவிடும். ஒரே உயிரை அதன் வாழ்நாளில் மூன்று நான்கு சொல்லால் அழைக்க வேண்டி வரும். இதெல்லாம் தெரிந்தவன் வாயில் 'மாடு' என்ற சொல் ஏன் நுழையப் போகிறது?

என் கட்சி இதுதான். மாடு பொதுச்சொல், தூரத்திலிருந்து பார்ப்பவன் சொல். கிட்டே நிற்பவனுக்கு முன்சொல் ஒன்று வேண்டும். பசுமாடு, காளைமாடு, எருமைமாடு, உழவுமாடு, கறவைமாடு, சினைமாடு என்று தமிழ் அதை ஒட்டிக் கொடுக்கிறது. 'வெறுமனே மாடு என்று எழுதினால் போதும்' என்பவர் தமிழைச் சுத்தம் செய்யவில்லை, பார்வையை மழுங்கடிக்கிறார்.

11.1.2025

யாழ்ப்பாணத்து நண்பர் ஒருவர் எழுதியிருப்பதைப் படித்து மகிழ்ச்சியில் இதை எழுதுகிறேன். அவர்கள் வீட்டில் ஆண் கன்று நாம்பன், பெண் கன்று நாகு. "நாகு" என்கிறார், பாருங்கள்! தொல்காப்பிய மரபியல் பெண்பாற் பெயர்களை அடுக்கும்போது எருமைக்கும் மரைக்கும் பெற்றத்துக்கும் உரியது நாகு என்கிறது. நாங்கள் படித்து மனப்பாடம் செய்த சொல்லை, அவருடைய அம்மா காலையில் கட்டை அவிழ்க்கும்போது சொல்கிறார். எங்கள் பக்கம் கிடாரி அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது.

கேட்டுக்கொண்டதற்காகச் சொல்கிறேன்: மரபியலில் இளமைப் பெயர்கள் ஒன்பது. பார்ப்பு, பறழ், குட்டி, குருளை, கன்று, பிள்ளை, மகவு, மறி, குழவி. இன்றைய வழக்கில் மாட்டுக்குக் கன்று, ஆட்டுக்குக் குட்டி. 'மாட்டுக்குட்டி' என்று தொலைக்காட்சியில் ஒருவர் சொன்னபோது எங்கள் அம்மா முகத்தைச் சுளித்ததை மறக்க முடியவில்லை. அவர் தொல்காப்பியம் படித்தவர் இல்லை.

13.1.2025

"மாடு என்றால் செல்வம்தானே, கால்நடை என்ற பொருளே பிற்காலத்தில் ஒட்டியது" என்று ஒரு வாதம் வந்திருக்கிறது. ஆதாரம் 400-ஆம் குறள்:

கேடில் விழுச்செல்வம் கல்வி ஒருவற்கு
மாடல்ல மற்றை யவை.

இங்கே மாடு செல்வம்தான், ஐயமே இல்லை. பள்ளியில் இதற்குக் 'கல்விதான் செல்வம், மற்றவை எல்லாம் மாடு' என்று எழுதி அடி வாங்கியவர்கள் நாட்டில் நிறைய இருப்பார்கள்.

ஆனால் இந்த ஒரு குறளை வைத்து எந்தப் பொருள் முந்தியது என்று தீர்ப்பு எழுத முடியாது. கொட்டிலில் நிற்பதும் பெட்டியில் இருப்பதும் ஒரே சொல்லில் அடங்கியது தமிழில் மட்டும் நடந்ததில்லை. லத்தீனில் பெக்கூஸ் என்றால் மந்தை, அதிலிருந்து பெக்கூனியா என்று பணத்துக்குப் பெயர் வந்தது. நம் ஊரிலும் பெண் பார்க்க வந்தவர்கள் கட்டுத்தரையைத்தான் முதலில் எட்டிப் பார்ப்பார்கள். முளைக்குச்சிகள் எத்தனை, அவற்றில் மாடு இல்லாமல் நிற்பவை எத்தனை என்று கண்ணாலேயே எண்ணிவிடுவார்கள்.

மூன்றாவது பொருள் ஒன்று இருப்பதை யாரும் எடுக்கவில்லை. மாடு என்றால் பக்கம், இடம். 'அவன்மாட்டு அன்பு', 'உயிர்கள்மாட்டு இரக்கம்' என்று இன்றும் மேடையில் பேசுகிறோமே, அது இந்த மாடு. மாட்டு வண்டியில் வரும் 'மாட்டு'ம் அதுவும் உருவில் ஒன்றே. ஆடு ஆட்டு, வீடு வீட்டு, மாடு மாட்டு என்று நெடிலை அடுத்த டகரம் இரட்டிப்பதுதான் காரணம். ஆகையால் அடுத்த முறை யாராவது 'உழவர்மாட்டுப் பரிவு' என்று எழுதினால் அங்கே வண்டியைத் தேட வேண்டாம்.

13.1.2025, சற்றுப் பிறகு

"அப்படியானால் 'போகமாட்டேன்' என்பதும் மாடா?"

இல்லை. அது மாட்டுதல் என்ற வினை. இயலுதல் என்று பொருள். மாட்டேன் என்றால் பழைய தமிழில் என்னால் ஆகாது என்று பொருள். இன்று விருப்பமில்லை என்று ஆகிவிட்டது. கேள்வி எனக்குப் பிடித்திருந்தது.

15.1.2025, மாட்டுப் பொங்கல்

இன்று அதிகம் எழுத நேரமில்லை. ஒன்று மட்டும். யாழ்ப்பாண நண்பர் இன்றைய நாளைப் பட்டிப்பொங்கல் என்கிறார். கொங்கிலும் அதே பெயர்தான். பட்டியில் சாணத்தால் தெப்பக்குளம் கட்டி, நீர் நிரப்பி, பூப்போட்டு, மாட்டை அதில் மிதிக்கவிடுவோம். கடல் கடந்து இரண்டு ஊர்கள் ஒரே சொல்லைக் கையில் வைத்திருக்கின்றன. நடுவில் உள்ள மாவட்டங்கள் மாட்டுப் பொங்கல் என்கின்றன. கொம்புக்குச் சாயம் பூச ஆள் கூப்பிடுகிறார்கள், போகிறேன்.

17.1.2025

எருமைக்கு வருகிறேன். இதில் கேள்வி கேட்டவர் பக்கம் நியாயம் பாதி இருக்கிறது.

உயிரியலில் எருமை வேறு இனம். மாட்டுக்குக் குரோமோசோம் 60, நம் நாட்டு நீர் எருமைக்கு 50. இரண்டும் கலந்து கன்று உண்டாகாது. அரசும் பிரித்தே எண்ணுகிறது: 2019-ஆம் ஆண்டுக் கால்நடைக் கணக்கெடுப்பில் நாடு முழுவதும் மாடுகள் 19.25 கோடி, எருமைகள் 10.98 கோடி. இந்தக் கணக்கில் எருமையை மாட்டோடு சேர்த்துவிட்டால் கணக்கே கெட்டது. கணக்கு எழுதுகிறவர் 'எருமை' என்று தனியாக எழுதட்டும்.

ஆனால் பேச்சுவழக்கில் எருமை மாடு என்பது நிற்கும். கொம்பும் குளம்பும் அசைபோடுதலும் பாலும் உழவும் எல்லாம் பொதுவாக இருக்கும்போது ஒரே குடையின் கீழ் நிறுத்துவது இயல்பு. தொல்காப்பியமே நாகு என்ற பெயரில் இரண்டையும் சேர்த்து வைத்திருக்கிறதே.

எனக்கு உண்மையான வருத்தம் வேறு. எருமை என்பதை வசவாக மட்டுமே ஒரு தலைமுறை கற்றுக்கொண்டிருக்கிறது. பிள்ளை எழுந்திருக்கத் தாமதமானால் எருமை, வகுப்பில் பதில் வராவிட்டால் எருமை. எருமைப்பாலில் கொழுப்பு 7 விழுக்காட்டை ஒட்டி இருக்கும், பசும்பாலில் 4. காபிக்கடைக்காரர் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் பால் அது. வீட்டுக்கு வழி தெரியும், கூப்பிட்ட குரல் தெரியும், பழகிய கை தெரியும். கை மாறினால் மடியை இறுக்கிக்கொண்டு நிற்கும். பழகியவர் வந்து தடவிக் கொடுத்த பிறகே பால் இறக்கும். இதை மந்தம் என்று யார் முதலில் சொன்னார்கள்?

ஆண்டாள் அப்படிச் சொல்லவில்லை. திருப்பாவையில் "எருமை சிறுவீடு மேய்வான் பரந்தனகாண்" என்று விடியலுக்கு அடையாளம் சொல்கிறார். சிறுவீடு என்பது கறப்பதற்கு முன் பனிப்புல்லில் சற்று நேரம் மேயவிடுவது. மாட்டை வளர்த்தவர்களுக்குத்தான் அந்தச் சொல் தேவைப்படும். இன்னொரு பாட்டில் "கனைத்திளங் கற்றெருமை கன்றுக் கிரங்கி", கன்றை நினைத்த மாத்திரத்தில் பால் தானே சொரிந்து வீடு சேறாகிறது. குதிரைதான் கனைக்கும் என்று பள்ளிப்பாடம் சொல்லும். ஆண்டாளின் எருமை கனைக்கிறது. நான் ஆண்டாள் பக்கம்.

17.1.2025, இரவு

இன்னும் ஒன்று. அதே திருப்பாவையில் பசு, எருமை, கறவை, பெற்றம் என்று நான்கு சொல்லும் வருகின்றன. "கறவைகள் பின்சென்று", "பெற்றம் மேய்த்துண்ணும் குலத்தில்". பால் நினைவில் இருக்கும்போது கறவை, கூட்டமாக மேய்க்கும் தொழில் நினைவில் இருக்கும்போது பெற்றம் என்று எனக்குப் படுகிறது. முப்பது பாட்டுக்குள் இவ்வளவு கவனம். நாம் எல்லாவற்றுக்கும் 'மாடு' போட்டு ஓட்டுகிறோம்.

19.1.2025

"காளைக்கும் எருதுக்கும் வித்தியாசம் உண்டா?" என்று இருவர் கேட்டிருக்கிறார்கள்.

எங்கள் பக்கம் உறுதியாக உண்டு. காளை காயடிக்காதது, எருது காயடித்து வேலைக்குப் பழக்கியது. இனப்பெருக்கத்துக்கு விட்ட காளை பொலிகாளை, கொங்கில் பூச்சிக்காளை. 'காளைகள் பூட்டிய வண்டி' என்று கதைகளில் எழுதுகிறார்களே, பெரும்பாலும் அது எருது. ஆனால் இதை எல்லா ஊருக்கும் சட்டமாக்க முடியாது. தென்மாவட்டங்களில் எருதுகட்டு என்றால் அங்கே ஓடுவது சீறும் காளைதான்.

பழைய சொல் பகடு. "மடுத்தவா யெல்லாம் பகடன்னான்" என்ற குறளில், வண்டி அழுந்தும் இடமெல்லாம் மூச்சுப்பிடித்து இழுத்து வெளியேறும் எருதைச் சொல்கிறார். சேற்றில் அச்சுவரை இறங்கிய வண்டியைப் பார்த்திருந்தால் அந்தச் சொல்லின் கனம் தெரியும். எருது முன்கால் முட்டியை மண்ணில் ஊன்றி, கழுத்தைத் தாழ்த்தி, நுகத்தடி கிறீச்சிட இழுக்கும். வண்டிக்காரர் அந்த நேரத்தில் அடிக்க மாட்டார். இறங்கிச் சக்கரத்தின் ஆரக்காலைப் பிடித்துத் தானும் தள்ளுவார்.

22.1.2025

நாட்டு மாடு என்ற சொல்லைப் பற்றி ஒருவர் பெருமையாக எழுதியிருந்தார். எனக்கும் நாட்டு மாட்டின் மேல் பற்று அதிகம். ஆனால் சொல் புதியது. சீமை மாடும் ஜெர்சியும் கலப்பினமும் வந்த பிறகுதான் பிரித்துக் காட்ட 'நாட்டு' என்ற முன்சொல் தேவைப்பட்டது. அதற்கு முன் ஊர்ப்பெயர்தான்: காங்கேயம், பர்கூர், ஆலம்பாடி, புலிக்குளம், உம்பளச்சேரி. தஞ்சை, நாகைப் பக்கம் கொம்பைத் தீய்த்துவிடும் வழக்கத்தால் உம்பளச்சேரியை மொட்டை மாடு என்றும் சொல்வார்கள்.

நாட்டு மாடு என்று ஒரே மூட்டையில் கட்டினால் இவை அத்தனையும் மறைந்துவிடும். உம்பளச்சேரி சேற்று வயலுக்கு வளர்ந்தது. காங்கேயம் மாடு, கிளுவைச்செடி வேலி போட்ட கொறங்காட்டில் (எங்கள் பக்கத்து மேய்ச்சல் நிலம்) கொழுக்கட்டைப்புல் மேய்ந்து, வெள்வேல மர நிழலில் படுத்து வளர்ந்தது. பர்கூர் மலைமேல் வளர்ந்தது. எங்கள் காட்டு எருதைக் கொண்டுபோய்க் கீழ்த்தஞ்சைச் சேற்றில் இறக்கினால் என்ன ஆகும் என்று அந்த ஊர்க்காரரைக் கேளுங்கள். 'நாட்டு மாட்டுப் பால்' என்று புட்டியில் ஒட்டி விற்பவர்களும் எந்த நாட்டு மாடு என்று எழுத வேண்டும். கேட்டு வாங்குங்கள்.

25.1.2025

சொற்கள் எப்படிப் போகின்றன என்று யோசித்துக்கொண்டிருந்தேன். ஊருக்குப் பொதுவான பூச்சிக்காளை இருந்தவரை அதைப் பற்றிய பேச்சு இருந்தது: கால் எப்படி, திமில் எப்படி, அதன் கன்றுகள் எந்தெந்த வீட்டில் நிற்கின்றன என்றெல்லாம். இப்போது சினை ஊசி போட ஆள் வண்டியில் வருகிறார். "பிடித்ததா, பிடிக்கவில்லையா" என்ற ஒரு கேள்வியில் பேச்சு முடிந்துவிடுகிறது. உழவுக்கு டிராக்டர் வந்தபோது நுகத்தடியோடு சேர்ந்து அதைச் சுற்றியிருந்த சொற்களும் பரணில் ஏறின. ஊசியும் டிராக்டரும் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சினைக்காகக் கன்றுகாலியை ஓட்டிக்கொண்டு வெயிலில் நடந்த பெண்களை நான் பார்த்திருக்கிறேன். ஆனால் சொற்களையாவது எழுதி வைத்துக்கொள்ளலாம். உங்கள் ஊர்ச் சொற்களை இங்கே எழுதுங்கள், வட்டாரத்தையும் குறிப்பிடுங்கள்.

கடும்பு என்ற சொல் தெரியாதவர் இருக்கிறார்கள் என்று இன்றுதான் தெரிந்தது. கன்று போட்ட முதல் நாட்களின் பால் சீம்பால். அதைக் காய்ச்சித் திரள வைத்தது கடும்பு. எங்கள் வீட்டில் கருப்பட்டி போடுவார்கள். கன்றுக்கு வயிறு நிறைய விட்ட பிறகுதான் நமக்கு.

28.1.2025

"சித்திரையில் கண்ணபுரம் சந்தைக்குப் போய் ஒரு காங்கேயம் கிடாரி வாங்கலாம் என்றிருக்கிறேன், பல் பார்ப்பது எப்படி?" என்று ஓர் இளைஞர் கேட்டிருக்கிறார். இந்த உரையாடலில் வந்த கேள்விகளில் எனக்கு மிகவும் பிடித்தது இது.

தரகர் இடது கையால் மூக்கணாங்கயிற்றைத் தூக்கிப் பிடித்து, வலது கைப் பெருவிரலால் கீழுதட்டை மடித்துக் காட்டுவார். மேல்தாடையில் முன்பல் இருக்காது, பயந்துவிடாதீர்கள். எந்த மாட்டுக்கும் இருக்காது. கீழே எட்டுப் பல். சின்னதாக, வெள்ளையாக இருப்பவை பால் பல். அவை விழுந்து, நடுவிலிருந்து இரண்டிரண்டாக அகலப் பல் முளைக்கும். அகலப் பல்லை மட்டும் எண்ண வேண்டும். ஒன்றும் முளைக்கவில்லை என்றால் 'பல் போடாதது'. இரண்டு பல் என்றால் வயது இரண்டைத் தாண்டியது. நாலு பல் மூன்றை ஒட்டி. எட்டும் முளைத்துவிட்டால் நாலரை, ஐந்து. அதைக் கடை சேர்ந்தது என்பார்கள். அதற்கு மேல் பல்லின் தேய்மானத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும், அது பழகிய கண்ணுக்குத்தான் வரும்.

விலை பேசும்போது தரகரும் விற்பவரும் துண்டுக்குள் கைகோத்து விரலால் பேசுவார்கள். அங்கே உங்களுக்கு ஒன்றும் புரியாது. கூட ஒரு பெரியவரை அழைத்துச் செல்லுங்கள். சுழியும் (உடம்பில் மயிர் சுழன்றிருக்கும் இடம்) பார்ப்பார்கள். ஏறுபூரான், இறங்குபூரான் என்று முதுகுச் சுழியைச் சொல்லி விலையைக் குறைக்கவும் கூட்டவும் செய்வார்கள். சுழியில் எனக்கு நம்பிக்கை இல்லை. குளம்பையும் மடிக்காம்பையும் கண்ணையும் பாருங்கள், நடக்கவிட்டுப் பின்னாலிருந்து பாருங்கள்.

வாங்கியபின் அதற்கு என்ன பெயர் வைத்தீர்கள் என்று இங்கே எழுதுங்கள்.